முள் காட்டும் பொய்

ஓடுகின்ற எஞ்சினுக்குள் நிகழ்வதை எவரும் கண்ணாற் காண்பதில்லை. மோட்டார் வண்டியைச் செலுத்துபவர் அதனை அறிவதற்கு மூன்று வழிகளே உள. ஒன்று, காதினாற் கேட்டல். மற்றொன்று, இருக்கையிலிருந்து உடலால் உணர்தல். மூன்றாவது, தம் முன்னே பொருத்தப்பட்டிருக்கும் மானிகளைப் பார்த்தல். முதலிரண்டும் நெடுநாட் பழக்கத்தால் வருவன. மூன்றாவது எவர்க்கும் எளிது. ஒரு முள்ளும் சில எண்களும் இருந்தாற் போதும். மனிதன் தன் காதையும் உடலையும் மறந்து அவற்றையே நம்பத் தொடங்கிவிடுகின்றான். அந்த முள் பொய் சொல்லும்போது என்ன நிகழும், அந்தப் பொய்யை எவ்வாறு கண்டுபிடிப்பது என்பதே இப்பேச்சின் பொருள். டேர்போ பொருத்திய வண்டிகளில் உள்ள அமுக்கமானி, அதாவது கராச்சுகளிலே ‘பூஸ்ட் மீற்றர்’ என்று வழங்கும் கருவி, இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

டேர்போ என்பது யாது? எஞ்சினுக்குப் பெற்றோல் மட்டும் போதாது. அதனை எரிக்கக் காற்றும் வேண்டும். சாதாரண எஞ்சின் தன் பிஸ்டன்கள் கீழிறங்கும்போது உண்டாகும் உறிஞ்சலினாலேயே காற்றைப் பெறுகின்றது. வளிமண்டலம் எவ்வளவு தள்ளிக் கொடுக்கின்றதோ அவ்வளவே அதற்குக் கிடைக்கும். வெளியே வீணாய்ப் போகும் புகைவாயுவின் விசையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சின் மறுமுனையிலுள்ள இன்னொரு சக்கரத்தாற் காற்றை நெருக்கி உள்ளே அனுப்பினால், அதே அளவுள்ள எஞ்சின் அதிக வேலை செய்யும். சுவிற்சர்லாந்து நாட்டு எஞ்சினியர் அல்பிரெட் பூக்கி இதற்குக் காப்புரிமை பெற நாடியது 1905ஆம் ஆண்டு. அமெரிக்காவில் சான்போர்ட் மொஸ் என்பவர், 1918ஆம் ஆண்டில், ‘லிபேட்டி’ என்னும் விமான எஞ்சினைக் கொலறாடோ மாநிலத்துப் பைக்ஸ் சிகரத்தின் உச்சிக்கு, ஏறக்குறைய 14,000 அடி உயரத்துக்கு, ஏற்றிச் சென்று இதனைச் சோதித்தார். தாழ்நிலத்தில் 350 குதிரைவலு கொடுத்த எஞ்சின் அங்கே 230 அளவுக்கு இளைத்துப் போயிற்று. டேர்போவை இணைத்ததும் பழைய வலுவை மீளப் பெற்றது. மலையுச்சியின் மெல்லிய காற்றை வெல்லுவதற்காகவே இக்கருவி வளர்க்கப்பட்டது என்பதை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் நன்று. பின்னர் நுவரெலியாவுக்கு ஏறும்போது இது பயன்படும்.

விற்பனைக்கு வந்த சாதாரண மோட்டார்க் கார்களில் டேர்போ முதன்முதல் இடம்பெற்றது 1962ஆம் ஆண்டில். ஓல்ட்ஸ்மொபில் ஜெற்பயர், செவர்லே கோர்வெயார் மொன்சா ஸ்பைடர் என்னும் இரண்டு அமெரிக்க வண்டிகள் அவ்வாண்டிலேயே வந்தன. இன்றோ பெற்றோல் வண்டி, டீசல் வான், பாரவண்டி என எங்கும் இதனைக் காணலாம்.

இக்கருவிக்கு ஒரு குணம் உண்டு. காற்று அதிகம் சென்றால் எரிதல் அதிகமாகும். எரிதல் அதிகமானாற் புகைவாயு அதிகமாகும். புகைவாயு அதிகமானாற் சக்கரம் இன்னும் விரைவாய்ச் சுழன்று இன்னும் அதிகமான காற்றைத் தள்ளும். நிமிடத்துக்கு ஓர் இலட்சம் சுற்றுக்கும் மேலாகச் சுழலும் இந்தச் சக்கரத்தைத் தடுப்பாரில்லாவிட்டால் எஞ்சினே அழிந்துபோம். ஆதலால் ‘வேஸ்ட்கேட்’ என்னும் ஒரு சிறு கதவை அமைத்துள்ளனர். நெருக்கப்பட்ட காற்றின் ஒரு சிறு கிளை, மெல்லிய றப்பர்க் குழாய் வழியாகச் சென்று, வில்லினாற் பிடித்து நிறுத்தப்பட்ட ஒரு மென்றகட்டைத் தள்ளுகின்றது. அமுக்கம் குறித்த அளவை எட்டியதும் வில் இளகி, ஒரு கோல் நகர்ந்து, கதவு திறக்கின்றது. மிகுதியான புகைவாயு சக்கரத்தைத் தொடாமலே வெளியேறுகின்றது. எஞ்சினின் உயிரைக் காப்பது, பென்சில் தடிப்புக்கூட இல்லாத அந்த றப்பர்க் குழாய்தான்.

இனி மானிக்கு வருவோம். பழைய முறையில் அமைந்த அமுக்கமானியின் உள்ளே இருப்பது, பாரிஸ் நகரத்து யூஜீன் பூர்டோன் 1849ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற வளைந்த குழாயேயாகும். தட்டையான குழாய் ஒன்றை வளைத்து, ஒரு முனையை அடைத்து, மறுமுனை வழியாக அமுக்கத்தைச் செலுத்தினால் அது நிமிர முயலும். உறிஞ்சினால் மேலும் சுருளும். சிறுவர்கள் திருவிழாவில் வாங்கி ஊதும் காகிதச் சுருளைப் போன்றதே இது. அந்த அசைவைச் சிறு பற்சக்கரங்கள் பெருக்கி முள்ளுக்குக் கொடுக்கின்றன. இங்கே ஒன்றை நன்கு கவனித்தல் வேண்டும். அந்தக் குழாய்க்கு உட்புறம் எஞ்சினின் அமுக்கம். வெளிப்புறம் நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம். ஆகவே முள் காட்டுவது எஞ்சினுள் உள்ள முழு அமுக்கத்தையன்று; இரண்டிற்கும் உள்ள வேற்றுமையையே.

ஜப்பானிலிருந்து வரும் வண்டிகளின் பூஸ்ட் மானியில் பூச்சியத்துக்கு ஒருபுறம் உறிஞ்சலை இரசத்தின் சென்ரிமீற்றர்க் கணக்கிலும், மறுபுறம் அமுக்கத்தைச் சதுர சென்ரிமீற்றருக்குக் கிலோகிராம் என்ற கணக்கிலும் குறித்திருப்பர். அமெரிக்க மானியோ சதுர அங்குலத்துக்கு இறாத்தல் என்று பேசும். ஒரு கிலோகிராம் என்பது ஏறக்குறைய 14.2 இறாத்தல். பழைய மானியைக் கழற்றி வேறுநாட்டு மானியைப் பூட்டிவிட்டு, எண் மாறிவிட்டதே என்று அஞ்சுவோர் உளர். அவர்களின் நோய்க்கு ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் போதிய மருந்து.

கராச்சுகளில் வந்து சேரும் தொல்லைகள் எத்தகையன என்பதை விளக்க, ஒரு வண்டியின் கதையைச் சொல்லலாம். கொழும்பு வியாபாரி ஒருவர், இளைஞர், பாவித்த ஜப்பானியக் கார் ஒன்றை வாங்கினார். டேர்போ பூட்டிய பெற்றோல் வண்டி. முன்பிருந்தவர் யாரோ டாஷ்போர்டின் மேல் ஒரு பூஸ்ட் மானியைப் பொருத்தியிருந்தார். அக்சிலறேற்றரை அழுத்தும்போதெல்லாம் அதன் முள் 0.6 கிலோகிராம் வரை சென்று அங்கே அசையாது நிற்கும். அந்த வண்டிக்கு விதித்த அளவும் அதுவே. இளைஞருக்கு அதில் மிக்க திருப்தி.

சில மாதங்கள் கழிந்தபின் வண்டி முன்னிலும் வேகமாக இழுக்கலாயிற்று. அவர் அண்மையில் மாற்றிய எஞ்சின் எண்ணெயின் மகிமை அதுவென்று எண்ணி, நண்பர்களுக்கும் அந்த எண்ணெயைச் சிபாரிசு செய்தார். பின்னர் ஒருநாள் கண்டி வீதியிற் கடுகண்ணாவை ஏற்றத்தில், பாரவண்டி ஒன்றை முந்துவதற்காக அழுத்தியபோது, யாரோ பின்னாலிருந்து கயிறு கட்டி இழுத்ததுபோல வண்டி திடுமெனத் துள்ளி வலுவிழந்தது. காலை எடுத்ததும் பழையபடி ஓடிற்று. மீண்டும் அழுத்தினார், மீண்டும் துள்ளிற்று. எதிரே வண்டி வரும் மலைப்பாதையில், பாரவண்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது வலு அறுந்து போவது எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

முதலிற் கொண்டுபோன கராச்சில் பிளக்குகளை மாற்றினார்கள். அடுத்த கராச்சிற் பெற்றோல் பம்பை மாற்றினார்கள். பிறகு மின்சுருள்களை மாற்றினார்கள். ஒவ்வொருவரும் முதலிற் பூஸ்ட் மானியைத்தான் பார்த்தனர். முள் 0.6இல் ஒழுங்காக நின்றது. ஆகவே டேர்போ குற்றமற்றது என்று விடுதலை செய்து, வேறிடத்திற் குற்றவாளியைத் தேடினர். செலவோ ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியாக ஒருவர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி பெற்றோலைத் துண்டிக்கின்றது போலும் என்று சரியாகவே ஊகித்தார். ஆனால் அதற்கு அவர் சொன்ன பரிகாரம் பயங்கரமானது. அவ்வாறு துண்டிக்காதபடி கணினியை ஏமாற்றும் சிறு கருவி ஒன்று விற்பனைக்கு உண்டு. அதனைப் பூட்டிவிடலாம் என்றார். மானி 0.6 காட்டும்போது கணினி துண்டிப்பதென்றாற் கணினிதானே பிழை?

அக்கருவி வந்து சேரச் சில நாட்கள் செல்லும் என்றபடியால் வண்டி தப்பிற்று. இடையில், பேராதனைப் பக்கத்திற் பழைய கராச் வைத்திருந்த முதியவர் ஒருவரிடம் இளைஞர் சென்றார். முதியவர் மூடியைத் திறக்கவில்லை, ஓட்டிப் பார்க்கவுமில்லை. எஞ்சினை ஓடவிட்டு, கதவோரமாய் நின்று மானியைப் பார்த்தார்.

“தம்பி, இந்த மீற்றர் எப்போதும் இப்படித்தானா நிற்கும்?”

“எப்படி, பாஸ்? பூச்சியத்தில்தானே நிற்கிறது? வண்டி ஓடவில்லையே.”

“வண்டி ஓடவில்லை, எஞ்சின் ஓடுகிறதே. எஞ்சின் சும்மா ஓடும்போது முள் பூச்சியத்தில் நிற்கக் கூடாது, தம்பி. கீழே போக வேண்டும்.”

இந்த ஒரு சொல்லில் வழக்கு முழுவதும் அடங்கியிருந்தது. பெற்றோல் எஞ்சின் வெறுமனே ஓடும்போது, காற்று வழியிலுள்ள த்ரொட்டில் தகடு ஏறக்குறைய மூடியே இருக்கும். அதற்கு அப்பாலுள்ள மனிபோல்டிலிருந்து பிஸ்டன்கள் காற்றை உறிஞ்சிக்கொண்டேயிருப்பதால் அங்கே அமுக்கம் வெகுவாகக் குறையும். தாழ்நிலத்தில் நல்ல நிலையிலுள்ள எஞ்சினுக்கு அது பெரும்பாலும் 45 முதல் 50 சென்ரிமீற்றர் இரச உறிஞ்சலாகும். மனிபோல்டோடு இணைந்த மானி அதனைக் காட்டியே தீர வேண்டும். பூச்சியத்தில் நின்றால் மூன்றிலொன்று உண்மை: மானி செத்துவிட்டது, அல்லது குழாய் அறுந்துவிட்டது, அல்லது குழாயைத் தகட்டுக்கு இப்பால், டேர்போவுக்கும் தகட்டுக்கும் இடையே எங்கோ பொருத்தியிருக்கின்றனர். அழுத்தும்போது முள் 0.6 வரை ஏறுவதால் முதலிரண்டும் அடிபட்டுப் போயின. எஞ்சியது மூன்றாவதே.

அதன்பின் முதியவர் மூடியைத் திறந்து, மானியின் குழாயை விரலாற் பிடித்துக்கொண்டே போனார். அது வேஸ்ட்கேட்டுக்குச் செல்லும் றப்பர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் ‘டீ’ இணைப்பின் வழியாகச் செருகப்பட்டிருந்தது. மனிபோல்டு வரை குழாய் கொண்டுசெல்லச் சோம்பற்பட்டவர் எவரோ கைக்கெட்டிய குழாயை வெட்டி இணைத்துவிட்டார். அந்த ‘டீ’ இணைப்பு புகைவாயுக் குழாயின் வெப்பத்தில் மாதக்கணக்காக வெந்து, மயிரிழையாய் வெடித்திருந்தது. முதியவர் துவிச்சக்கரவண்டிப் பம்பினாற் குழாய்க்குள் காற்றடித்து, சவர்க்கார நீரைத் தடவினார். ரியூப்பில் ஒட்டைத் தேடும் அதே முறைதான். குமிழிகள் வரிசையாக எழுந்தன.

ஒட்டை இருந்தால் மானி குறைத்தல்லவா காட்ட வேண்டும்? ஏன் சரியாக 0.6 காட்டியது என்ற வினா இங்கே எழும். அனுபவம் மிக்க பலரையும் ஏமாற்றியது இந்த இடமே. வேஸ்ட்கேட்டைத் திறப்பது டேர்போவின் அமுக்கமன்று. அந்தச் சிறு குழாய்க்குள் உள்ள அமுக்கம். அக்குழாயின் தொடக்கத்தில் ஊசித்துளை போன்ற ஒரு நெருக்கல் உண்டு. அதற்குப் பின்னே ஒட்டை ஏற்பட்டால், உள்ளே வரும் காற்றிற் பெரும்பகுதி வெளியே கசிந்துவிடும். டேர்போ 0.6ஐ எட்டும்போது குழாயில் 0.4 அளவுதான் இருக்கும். கதவு திறவாது. டேர்போ மேலும் ஏறும், 0.7, 0.8, 0.9 என்று ஏறும். குழாய்க்குள் 0.6 சேர்ந்த பின்னரே கதவு திறக்கும். மானியும் அதே குழாயில் இருப்பதால், அதுவும் 0.6 என்றே காட்டும். காவற்காரனும் சாட்சியும் ஒரே கலயத்தில் நீர் அருந்துகின்றனர். கலயத்தில் ஓட்டை என்றால் இருவரும் ஒன்றாகவே ஏமாறுவர். சாட்சி சொல்வது காவற்காரனின் வயிற்றிலுள்ளதைத்தான், எஞ்சினுக்குள் உள்ளதையன்று.

வண்டி முன்னிலும் வேகமாக இழுத்ததன் காரணமும் இதுவே. எண்ணெய்க்கு அதிற் பங்கில்லை. துள்ளலின் காரணமும் இதுவே. கணினிக்கு மனிபோல்டோடு இணைந்த வேறோர் உணரி உண்டு. அது உண்மையான அமுக்கத்தைக் கண்டு, எல்லை மீறியதும் எஞ்சினைக் காப்பதற்காகப் பெற்றோலைத் துண்டித்தது. அதனை ஏமாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அமுக்கம் மிகுந்த எஞ்சினில், அதிலும் ஜப்பானின் உயர்தரப் பெற்றோலுக்கென வகுத்த எஞ்சினில், இலங்கையில் விற்கும் 92 ஒக்ரேன் பெற்றோலை ஊற்றி மலையேறினால், கலவை தீப்பொறியின் கட்டுக்கடங்காது தானாகவே வெடிக்கத் தொடங்கும். கராச்சுக்காரர் இதனை ‘நொக்கிங்’ என்பர். அலுமினியப் பிஸ்டனின் விளிம்பு இளகித் துளை விழுவதற்கு நெடுநேரம் வேண்டியதில்லை. ஒரு கடுகண்ணாவை ஏற்றமே போதும்.

முதியவர் உடனே முடிவு சொல்லிவிடவில்லை. தம் பெட்டியிலிருந்து இன்னொரு மானியை எடுத்து, குட்டையான குழாயினால் மனிபோல்டில் நேரே பூட்டினார். ஆயினும் அந்த இரண்டாவது மானி மட்டும் உண்மை சொல்லும் என்பதற்கு என்ன ஆதாரம்? இவ்விடத்தில் அவர் கையாண்ட முறை மிக அழகியது. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் எட்டு மீற்றர் எடுத்து, அதன் பெரும்பகுதியைத் தண்ணீரால் நிரப்பி, ஒரு முனையில் ஒன்றரை மீற்றர் அளவு காற்றை விட்டு, அம்முனையை மானியிற் செருகினார். மறுமுனையைப் பையன் ஒருவனிடம் கொடுத்து மாடிப்படியில் ஏறச் சொன்னார். இருபுறத்து நீர்மட்டங்களுக்கும் இடையே ஐந்து மீற்றர் வேற்றுமை வந்ததும் நிற்கச் சொன்னார். பத்து மீற்றர் நீர் என்பது சதுர சென்ரிமீற்றருக்கு ஒரு கிலோகிராம். ஐந்து மீற்றர் என்றால் 0.5. முள் 0.5இல் நின்றது. டாஷ்போர்ட் மானியையும் அவ்வாறே சோதித்தார். அதுவும் 0.5 காட்டிற்று. ஆகவே மானியிற் பிழையில்லை. அது நிறுத்தப்பட்ட இடமே பிழை. விலையுயர்ந்த எந்தச் சோதனைக் கருவிக்கும் இந்த நீர்க்குழாய் தாழ்ந்ததன்று. புவியீர்ப்பு எவரிடமும் இலஞ்சம் வாங்குவதில்லை.

பின்னர் வண்டியை ஏற்றத்தில் ஓட்டினர். ஓட்டியவர் இளைஞர், மானிகளைப் பார்த்தவர் முதியவர். ஒருவரே இரண்டையும் செய்வது தகாது. டாஷ்போர்ட் முள் 0.6இல் நிற்க, மனிபோல்டின் முள் 1.0ஐ எட்டியது, அக்கணமே வண்டி துள்ளியது. முதியவர், “போதும், காலை எடுங்கள் தம்பி,” என்றார். திரும்பி வந்து ‘டீ’ இணைப்பை அகற்றி, வேஸ்ட்கேட்டுக்கு வெட்டுண்ணாத புதிய குழாய் ஒன்றைத் தனியே போட்டார். மானிக்கு மனிபோல்டிலிருந்து வேறொரு குழாய் கொடுத்தார். முன்னர் மாற்றிய பம்பின் விலையில் நூறிலொரு பங்குகூட அதற்குச் செல்லவில்லை.

குழாயை எங்கே செருகுவது என்பதில் இன்னொரு பிழையும் அடிக்கடி நேரும். பிரேக்கை இலகுவாக்கும் பெட்டிக்கு மனிபோல்டிலிருந்து உறிஞ்சல் செல்லும் தடித்த குழாய் உண்டு. அதில் ஒருவழி வால்வு ஒன்று இருக்கும். உறிஞ்சலை விடும், அமுக்கத்தை விடாது. வால்வுக்கு அப்பால் மானியை இணைத்தவர் டேர்போவின் அமுக்கத்தை ஒருநாளும் காணமாட்டார். எஞ்சினை நிறுத்திய பின்னும் முள் கீழேயே நெடுநேரம் படுத்திருந்தால் இதுவே காரணம் என்று ஐயமின்றிக் கூறலாம்.

குழாய் நசுங்கினாலும், உள்ளே எண்ணெய் படிந்து அடைத்தாலும், முள் சோம்பலாக அசையும். ஆனால் ஒட்டையில்லாதவரை கடைசியிற் சரியான இடத்தையே அடையும். ஏனெனில் அது முட்டுச்சந்து போன்ற குழாய், அதிற் காற்று ஓடுவதில்லை. முள் நடுங்கித் துடித்தால் குழாயில் நெருக்கல் ஒன்று வைக்க வேண்டும் என்பது பொருள். வண்டியை நிறுத்தி, கியர் போடாமல் எஞ்சினை முடுக்கிப் பார்த்து, முள் மேலே வரவில்லை என்று முறையிடுவோரும் பலர். சுமையின்றி ஓடும் எஞ்சினிலிருந்து டேர்போவைச் சுழற்றப் போதிய புகைவாயு வருவதில்லை. அது மானியின் குற்றமன்று.

அண்மைக்கால மானிகளுக்கு றப்பர்க் குழாய் டாஷ்போர்ட் வரை வருவதில்லை. மனிபோல்டருகே மின் உணரி ஒன்று இருந்து, மூன்று கம்பிகளால் செய்தி அனுப்பும்: ஒன்று ஐந்து வோல்ற் கொண்டுசெல்வது, ஒன்று பூமிக் கம்பி, ஒன்று செய்திக் கம்பி. பெரும்பாலான தொல்லைகள் பூமிக் கம்பியிலேயே தோன்றுகின்றன. அதன் இணைப்புத் துருவேறினால் உணரியின் அடித்தளமே சற்று உயர்ந்துவிடும். அமுக்கம் குறைவாக இருக்கும்போதுதான் இப்பிழை பெரிதாகத் தெரியும். ஆகவே சும்மா ஓடும் எஞ்சினில் உறிஞ்சல் போதாததுபோலக் காட்டும். இரவில் முன்விளக்கைப் போட்டதும் முள் அசைகின்றதா என்று பார்த்தாற் போதும். விளக்குக்கும் அமுக்கத்துக்கும் உறவில்லை. அசைந்தாற் கம்பியைத்தான் தேட வேண்டும்.

இனி, மேலே சொன்ன வியாபாரியின் கதையில் மிச்சமுள்ளது சிறிதே. குழாய் மாற்றிய மறுவாரம் அவர் குடும்பத்தோடு நுவரெலியாவுக்குப் போனார். கொழும்பில் எஞ்சின் சும்மா ஓடும்போது உறிஞ்சல் 48 காட்டிய புதிய இணைப்பு, அங்கே குளக்கரையில் 34ஐத்தான் காட்டியது. மீண்டும் ஒட்டை விழுந்துவிட்டதென்று அஞ்சி, அங்கிருந்தே முதியவருக்குத் தொலைபேசியிற் பேசினார்.

“எஞ்சினை நிறுத்தினால் முள் எங்கே நிற்கிறது, தம்பி?”

“பூச்சியத்தில், பாஸ்.”

“வண்டி இழுக்கிறதா? துள்ளுகிறதா?”

“நன்றாக இழுக்கிறது. துள்ளவில்லை.”

“அப்படியென்றால் மலையைத்தான் குறை சொல்ல வேண்டும்,” என்றார் முதியவர்.

அவர் சொன்னதைப் பிரான்சு தேசத்தில் 1648ஆம் ஆண்டு செப்டெம்பர் 19ஆந் தேதியே நிறுவிவிட்டனர். அறிஞர் பாஸ்கலின் வேண்டுகோளின்படி அவருடைய மைத்துனர் புளோறின் பெரியே என்பவர் இரசக் குழாய் ஒன்றைப் பூய்-தெ-தோம் என்னும் மலைமேற் கொண்டுசென்றார். அடிவாரத்தில் நின்ற மட்டத்திலும் உச்சியில் இரசம் மூன்று அங்குலத்துக்குச் சற்று மேலாக இறங்கி நின்றது. கடல்மட்டத்தில் 76 சென்ரிமீற்றர் இரசத்தைத் தாங்கும் வளிமண்டலம், 1868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறக்குறைய 61 சென்ரிமீற்றரையே தாங்கும். மானியின் முள் காட்டுவது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வேற்றுமை. உள்ளே எஞ்சின் ஏறத்தாழ அதே நிலையில் இருக்க, வெளியேயுள்ள காற்று பதினைந்து சென்ரிமீற்றர் அளவு இளைத்துவிட்டால், வேற்றுமையும் ஏறக்குறைய அவ்வளவே குறையத்தானே வேண்டும்?

முழு அமுக்கத்தை அளந்து, கடல்மட்டத்தைப் பூச்சியமாகக் கொள்ளும் மின் மானி பூட்டியிருந்தால் கதை தலைகீழாக மாறும். அது சும்மா ஓடும் எஞ்சினிற் பழைய 48ஐயே காட்டும். ஆனால் எஞ்சினை நிறுத்தியதும் பூச்சியத்துக்கு வராமற் பதினைந்து சென்ரிமீற்றர் கீழே நிற்கும். அதன் உரிமையாளரும் அஞ்சுவார். இரு மானிகளும் ஒன்றுக்கொன்று மாறாகப் பேசுகின்றன. இரண்டும் உண்மையே பேசுகின்றன. சாவியைத் திருப்புந்தோறும் அப்போதுள்ள காற்றையே பூச்சியமாகப் பிடித்துக்கொள்ளும் மானிகளும் உள. நுவரெலியாவிற் காலையிற் சாவியைத் திருப்பி, வழியில் எங்கும் நிறுத்தாது கொழும்புக்கு இறங்கினால், அத்தகைய மானி 0.2 அளவு கூட்டியே காட்டும். வேஸ்ட்கேட் கெட்டுவிட்டதென்று கலங்கி அதன் கோலைத் திருகப் புறப்படுமுன், வண்டியை ஓரமாய் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை மீண்டும் ஒருமுறை திருப்பினாற் போதும்.

வியாபாரியின் மானி அவ்வகையைச் சேர்ந்ததன்று. அவர் மறுநாள் இறம்பொடை வழியாக இறங்கி வருகையில், வண்டி நின்ற இடங்களிலெல்லாம் முள்ளைப் பார்த்துக்கொண்டே வந்தார். புசல்லாவையில் 38, கம்பளையில் 44, கொழும்பை அடைந்தபோது 48.